ஒடுக்கத்துப் புதன் காய்ச்சல்

போன புதன்கிழமை முழுவதும் ஒரு வேலையும் செய்வதில்லை என்று நான் முடிவெடுத்தேன். ஏனோதானோவென்று எடுத்த முடிவல்ல. என் புடவைக் கடையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து எடுத்த முடிவு. அதன் பலனை இப்போது அதே மேசைக்குப் பின்னால் ஒளிந்திருந்து அனுபவிக்கிறேன். கடைக்கு வரும் பெண்கள் சீத்தைத் துணியை விரித்துப் பார்க்கிறார்கள். பிறகு என்னைப் பார்க்கிறார்கள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, துணி வாங்காமலே போகிறார்கள். காத்தான்குடி முழுவதற்கும் கதை தெரிந்துவிட்டது. நீங்களாவது என் வாயால் கேளுங்கள்.

சபர் மாதத்தின் கடைசிப் புதனை எங்கள் பக்கத்தில் ஒடுக்கத்துப் புதன் என்போம். அன்றைக்குத் தண்ணீரில் இறங்கித் தலை முழுகினால் அந்த வருஷத்து முசீபத்து, கஷ்ட நஷ்டம் எல்லாம் தண்ணீரோடு போய்விடும் என்பார்கள். ஊரில் பாதி கடலுக்குப் போகும். எங்கள் வீடு வாவிக்குப் போகும். வாவி என்று எழுதுகிறேனே தவிர வாயில் வருவது ஆறுதான். ஆறு என்றால் ஓடும் என்று நினைக்காதீர்கள். அகலமாக, சோம்பேறியாக, உப்புக் கரித்துக்கொண்டு படுத்திருக்கும். என்னைப் படைத்த மாதிரியே அதையும் படைத்திருக்கிறான் என்று நான் நினைப்பதுண்டு. ஆனால் அதற்குக் கிடைத்த படுக்கை எனக்குக் கிடைக்கவில்லை.

ஏனென்றால் ஒடுக்கத்துப் புதனில் ஆண்களின் பாடு பெரும்பாடு. வண்டியில் சட்டி ஏற்ற வேண்டும். விறகு ஏற்ற வேண்டும். பிள்ளைகளை ஏற்ற வேண்டும். கரைக்குப் போனதும் ஏற்றியதையெல்லாம் இறக்க வேண்டும். அதற்குமேல் மறைப்பு என்று ஒன்று இருக்கிறது. பெண்கள் குளிக்கும்போது வெளிப்பார்வை படாமல் கரையில் ஒரு பெரிய போர்வையை விரித்துப் பிடிப்போம். ஒரு முனை நான். மறு முனை என் சகலன் அசனார் காக்கா, எனக்கு அண்ணன் முறை. இரண்டு பேரும் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். திரும்பக் கூடாது. நுளம்பு கடித்தாலும் ஆடக் கூடாது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து வருஷம் தவறாமல் வாவிக்குப் போகிறேன். வாவியை ஒரு தடவையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. கரையில் நிற்கும் தென்னை மரங்களைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த மரங்களுக்கும் என் முகம் பழகிப் போயிருக்கும்.

இந்த வருஷம் வாவியைப் பார்ப்பது. அதுவும் தோணியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்ப்பது. இதுதான் என் முடிவு.

அசனார் காக்காவிடம் சொன்னேன். அவர் என் பெண்சாதி நபீஸாவின் ராத்தாவை, அதாவது அக்காவை, கட்டியவர். தோணி தள்ளத் தெரிந்தவர்.

"மறைப்ப ஆரு புடிக்கிற?" என்றார்.

"நாம ரெண்டு பேரும் ஊருலேயே இல்லாட்டி ஆருக்கிட்டக் கேப்பாங்க? நான் காய்ச்சலெண்டு படுக்கிறன். நீங்க ஏறாவூருக்குப் போறெண்டு சொல்லுங்க."

"பொய்யா சொல்லச் சொல்ற, தம்பி?"

"ஏறாவூர்ப் பக்கம் பாத்துத் தோணியத் தள்ளுங்க காக்கா. பாதி உண்மையாகிரும்."

அவர் யோசித்துச் சொல்வதாகப் போனார். மறுநாள் வந்தவர் ஆளே மாறியிருந்தார். தோணி என் பொறுப்பு என்றார். கோழி என் பொறுப்பு என்றார். கூப்பன் அரிசிக்கு வரிசையில் நிற்கும் இந்தக் காலத்தில் சம்பா அரிசியும் என் பொறுப்பு என்றார். இடத்தைக்கூட அவரே தெரிந்தெடுத்துவிட்டார். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வாவிக்குள் ஒரு மணல் திட்டி. தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் கண்ணாப் பற்றைகள் சூழ்ந்த மறைவான இடம். பெண்சாதிக்கு முன்னால் தும்மக்கூடப் பயப்படும் மனிதருக்கு ஒரே இரவில் இவ்வளவு துணிவு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கோழி என்ற சொல் காதில் விழுந்த பிறகு எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

இனி என் வீட்டைப் பற்றி. மன்னிக்கவும், நபீஸாவின் வீட்டைப் பற்றி. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவான். வீடு நபீஸாவுக்கு, கிணறு நபீஸாவுக்கு, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருக்கும் வயலும் நபீஸாவுக்கு. எனக்கு நபீஸா.

அந்த வீட்டில் என் மாமி ஹவ்வா உம்மாவும் இருக்கிறார். இருக்கிறார் என்பதைக் காதால்தான் அறிவேன். மருமகனுக்கு முன்னால் வருவதில்லை, மருமகனோடு நேரே பேசுவதில்லை. அது மரியாதை. சொல்ல வேண்டியதைச் சுவருக்கு அப்பால் நின்று மகளிடம் சொல்வார். மகள் இல்லாவிட்டால் பூனையிடம் சொல்வார்.

"பூனே, மருமகனுக்குத் தேத்தண்ணி வச்சிரிக்கி. ஆறப்போகுது."

பூனை என்னைப் பார்க்கும். நான் பூனையிடம் "சரி" என்பேன். மூத்தவன் ஓதப் போகும் வயதுக்கு வந்த பிறகும் நாங்கள் இப்படித்தான். எத்தனையோ பேர் என்னை முதலாளி என்று கூப்பிடுகிறார்கள். அது எனக்குப் பெரிதில்லை. மாமி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பூனையை விட்டுவிட்டு நேரே என்னை "மருமகன்" என்று கூப்பிட வேண்டும். இந்த வீட்டில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று அப்போதுதான் நம்புவேன். அதற்காகவே அவர் காதுக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வேன். குரலை உயர்த்தமாட்டேன். இரண்டாம் முறை கறி கேட்கமாட்டேன்.

புதனுக்கு இரண்டு நாள் முந்தி, சோறு போடும்போது நபீஸா வட்டைக் கதையைத் தொடங்கினாள். வட்டை என்றால் வயல்வெளி. எனக்குத் துணியில்தான் அக்கறை. வட்டைக் கதை வந்தால் என் காது தானாகச் சாத்திக்கொள்ளும்.

"மழைக்கு ஆறு பெருகி வட்டையெல்லாம் தண்ணிக்குள்ள கிடக்காம்."

"ஓம்."

"முகத்துவாரத்து மணல வெட்டி ஆத்துத் தண்ணியக் கடலுக்கு விட்டாத்தான் வெள்ளாம பிழைக்குமாம்."

"ஓம்."

"செவ்வாக்கிழம அந்திக்கு வெட்டுறாங்களாம். புதன் பகலைக்குள்ள இஞ்சாலையும் தண்ணி இறங்கிருமாம்."

"ஓம்."

"கேக்குறீங்களா?"

"ஓம்."

"நான் என்ன சொன்ன?"

"வட்ட" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு துண்டு மீன் வைத்தாள். அந்த மீனைப் பார்த்தாவது நான் விழித்திருக்க வேண்டும்.

புதன் விடிந்தது. சூடான தேத்தண்ணிக் கோப்பையை நெற்றியில் ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டு, போர்த்திக்கொண்டு முனகினேன். நபீஸா வந்து நெற்றியைத் தொட்டாள். கழுத்தைத் தொட்டாள்.

"நெத்தி சுடுது. கழுத்து குளிருது. காய்ச்சல் நெத்தியில மட்டுமா?"

"இப்பதான் தொடங்கியிரிக்கி. மேல இருந்து கீழ இறங்கும்."

"அப்ப ஆத்துக்கு?"

"எனக்காக நீங்க நிக்க வேணாம். நீங்கெல்லாம் போங்க."

"ஆம்பிள இல்லாம எப்புடிப் போற? அசனார் மச்சானும் ஏறாவூராம்."

உண்மையாகச் சொல்கிறேன், இதை நான் யோசிக்கவே இல்லை. நான் இல்லாமல் அவர்கள் போவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்போது சுவருக்கு அப்பால் மாமியின் குரல் கேட்டது.

"மகள், அவருக்குச் சுகமில்லாட்டி நாம போகவேணாம். ஆறு எங்க ஓடிப்போகப் போகுது? வாற வருசம் பாப்பம்."

பிறகு பெட்டி மூடி சாத்தப்படும் சத்தம். ஆற்றுக்குப் போக எடுத்து வைத்த உடுப்பைத் திரும்ப உள்ளே வைக்கிறார் என்று விளங்கியது. என் நெற்றி உண்மையாகவே சுட்டது. வருஷம் முழுக்க வேலிக்குள் இருக்கும் மனுஷிக்கு வானத்தை முழுசாகப் பார்க்கக் கிடைப்பது இந்த ஒரு நாள். அதை என் காய்ச்சல் தின்றுவிட்டது. அந்த இடத்திலேயே எழும்பி, சுகமாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தேன்.

"பரியாரிக்கிட்டப் போய் மருந்தெடுத்துக்கொண்டு வாறன்" என்றுதான் வந்தது.

"போங்க" என்றாள் நபீஸா. கழுத்தைச் சுற்றிக் கம்பளி மவ்ளரையும் கட்டிவிட்டாள். "காத்துப் படாமப் போங்க. அவசரப்பட்டு வரவேணாம்."

நான் போனேன். வெட்கக்கேடு, கொஞ்சம் ஓடினேன் என்றும் சொல்ல வேண்டும்.

தோணி திட்டியை அடைந்தது. அசனார் காக்கா சாமான்களை இறக்கினார். சட்டியைக் கண்டு திகைத்தேன். ஊருக்கே கந்தூரிச் சோறு ஆக்கும் அளவு சட்டி.

"ரெண்டு பேருக்கு எதுக்குக் காக்கா இவ்வளவு பெரிய சட்டி?"

"ஆத்துக்காத்துக்குப் பசிக்கும், தம்பி."

கோழியும் ஒன்றல்ல, மூன்று. அரைத்த கறிக்கூட்டு வாழையிலையில் பொதி கட்டி வந்திருந்தது. நான் தோணிக்குள் மல்லாந்து படுத்தேன். வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. கண்ணா மரத்தில் நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. தூரத்தில் படுவான்கரை ஒரு பச்சைக் கோடு. ஆகா, வாவி என்றால் இதுதானா என்று நினைத்து முடியவில்லை, அசனார் காக்கா கூப்பிட்டார்.

"தம்பி, கோழிக்கறி ஆக்குறதில உங்கட கை திறம் எண்டு கேள்வி."

"ஆரு சொன்ன?"

"ஊரே சொல்லுது."

புகழ்ச்சிக்கு நான் பலவீனன். எழும்பினேன். வெங்காயம் உரித்தேன். தேங்காய் துருவினேன். கோழி வெட்டினேன். விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகிவிட்டது. காக்கா கண்ணா நிழலில் சாய்ந்து சுருட்டுப் பிடித்தபடி, "தீயக் கொஞ்சம் கூட்டுங்க" என்று உதவி செய்தார். உப்பைத் தேடினால் உப்பு இல்லை.

"சுத்திவர உப்புத் தண்ணிதானே தம்பி, அள்ளி ஊத்துங்க."

அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். மழை வெள்ளம் கலந்து வாவியிலும் உப்பில்லை.

கறி கொதித்து மணம் வந்தது. ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். இறங்கவில்லை. பெட்டி மூடியின் சத்தம் காதில் நின்றது. "வாற வருசம் பாப்பம்." கோபமில்லாமல், ஒரு குறையும் சொல்லாமல் சொன்ன குரல். அவர் ஏசியிருந்தால் மூன்று கோழியையும் முடித்திருப்பேன். ஏசாமல் விட்டதுதான் என்னைக் கொன்றது. எந்த மனுஷியின் வாயால் மருமகன் என்று கேட்க ஆசைப்பட்டேனோ, அந்த மனுஷிக்கே துரோகம் செய்துவிட்டு நடு ஆற்றில் கோழி தின்கிறேன். தூ என்று என்மீதே துப்பத் தோன்றியது.

"காக்கா, திரும்புவம்" என்றேன். "மாமி கேக்கத்தக்கதா உண்மையச் சொல்லுவன். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவம். நானே மறைப்புப் புடிக்கிறன். ரெண்டு முனையையும் புடிக்கிறன்."

காக்கா சுருட்டை எடுத்துவிட்டு என்னை விசித்திரமாகப் பார்த்தார். "மெய்யாத்தான் சொல்றீங்களா? அப்ப தோணியத் தள்ளுங்க."

தள்ளினேன். அசையவில்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுத்துத் தள்ளினேன். பிறகு கீழே பார்த்தேன். தோணி இருந்தது. கோல் இருந்தது. தண்ணீர்தான் இல்லை. காலையில் தோணி மிதந்து வந்த இடமெல்லாம் ஈர மணல். மறுபக்கம் சேறு. கொக்குகள் நடந்து திரிந்தன.

"காக்கா, தண்ணி எங்க?"

"கடலுக்குப் போயிட்டு. நேத்து அந்திக்கு முகத்துவாரம் வெட்டின. உங்கட பொஞ்சாதி சொல்லல்லையா?"

சொன்னாள். நானும் ஓம் என்றேன். தண்ணீரோடு முசீபத்துப் போகும் என்பார்கள். இந்த வருஷம் தண்ணீர் தனியாகப் போய்விட்டது. முசீபத்து என்னோடு திட்டியில் நின்றது.

சேற்றுப் பக்கம் இறங்கினால் எங்காவது ஆழத் தண்ணீர் இருக்கும், தோணியை இழுத்துவிடலாம் என்று பார்த்தேன். முழங்கால் மட்டும் போனேன். ஒரு செருப்பு திரும்பி வரவில்லை. அப்போதுதான் கரைப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கரையில் எங்கள் மாட்டு வண்டி. அங்கிருந்து திட்டி வரைக்கும் வெளித்துக் கிடந்த மணலில் ஒரு ஊர்வலம் வந்தது. முன்னால் நபீஸா. அவளுக்குப் பின்னால் அவளுடைய ராத்தா, தலையில் ஓலைப் பெட்டியோடு. பிள்ளைகள். எல்லாருக்கும் பின்னால், குடையை முகத்துக்கு முன்னால் சாய்த்துப் பிடித்தபடி, ஆறுதலாக நடந்து வந்தது என் மாமி.

ஓட இடமில்லை. தோணிக்குள் பாய்ந்து விழுந்து, சாரனைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு நடுங்கினேன். கழுத்தில் மவ்ளர் இருந்தது ஒன்றுதான் ஆறுதல்.

காலடி வந்து நின்றது.

"இதுதான் பரியாரி வீடா?" நபீஸாவின் குரல்.

"ஆத்துக்காத்துப் புடிக்கச் சொன்னாரு."

"கோழியும் தின்னச் சொன்னாரா?"

"துண்டு இல்ல, ஆணம் மட்டும்."

"மூணு கோழிட ஆணமா?"

நான் ஒரு தடவை முனகினேன்.

"காய்ச்சல் மேல இருந்து கீழ இறங்கும் எண்டீங்களே. இப்ப எது மட்டும் இறங்கியிரிக்கி?"

"முழங்கால் மட்டும்."

"ஓம், சேறும் அவ்வளவு மட்டும்தான் இரிக்கி" என்று சாரனை இழுத்துவிட்டாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கடைசியாக ஒரு வீரம் காட்டிப் பார்த்தேன். "ஆம்பிள இல்லாம நீங்க எப்புடி வீட்ட விட்டு வெளிக்கிட்ட?"

"ஆம்பிளையள முந்தி அனுப்பிப்போட்டுத்தானே வெளிக்கிட்ட."

நான் அசனார் காக்காவைப் பார்த்தேன். அவர் நீர்க்காகத்தைப் பார்த்தார்.

"காக்கா!"

"தம்பி, என்னில குறை புடிக்காதீங்க. அண்டைக்கு வீட்டுக்குப் போனதும், முகத்தப் பாத்தே அவ கேட்டுட்டா. நான் மூச்சு விட முந்தியே எல்லாம் வெளிய வந்திட்டு."

ஒரு நாள் யோசித்தார் என்றேனே, யோசித்தது அவரில்லை. அக்காவும் தங்கையும் சேர்ந்து யோசித்திருக்கிறார்கள். திட்டி அவர்கள் சொன்ன திட்டி. சட்டி அவர்கள் கொடுத்த சட்டி. என் கைக்கறி திறம் என்று சொன்ன ஊர் அந்த இரண்டு பேர்தான்.

ராத்தா ஓலைப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே வெறும் சோற்றுக் கோப்பைகள். எல்லாருக்கும் கணக்காக.

"ஏன் இப்புடிச் செஞ்ச?" என்று நபீஸாவிடம் மெதுவாகக் கேட்டேன். "நேர சொல்லியிருந்தா நான் ஆக்கித் தந்திருக்க மாட்டனா?"

"நேர சொன்னா ஓம் எண்டுவீங்க" என்றாள். பிறகு குரலைத் தணித்தாள். "வருசா வருசம் உம்மா ஆத்துக்கு வந்து அடுப்பத்தான் பாத்துக்கொண்டு இரிக்கா. சட்டி கழுவி முடிய அந்தி. ரெண்டு முழுக்குப் போட்டுப்போட்டு வண்டியில ஏறுற. ஒரு வருசமாவது சும்மா இரிக்கட்டும் எண்டுதான்."

மறைப்புப் பிடித்தேன், சட்டி ஏற்றினேன் என்று இவ்வளவு நேரமும் உங்களிடம் புலம்பினேனே, அந்தச் சட்டியில் ஆக்கியது யார் என்று ஒரு வரி சொன்னேனா? ஒளித்து வைக்கவில்லை. எனக்கே அப்போதுதான் நினைவு வந்தது. தென்னை மரத்துக் குரும்பையெல்லாம் பார்த்த கண்ணுக்கு முதுகுக்குப் பின்னால் எரிந்த அடுப்புத் தெரியவில்லை. சேறு காயக் காயத் தோல் இழுத்தது. அந்த வெட்கத்துக்கு அது போதாது.

நானே சோறு போட்டேன். மாமி குடைக்குப் பின்னால் இருந்து உண்டார். ஒரு தடவை குடைக்குள்ளிருந்து, "மகள், உப்புக் காணாதெண்டு சொல்லு" என்ற சத்தம் வந்தது. அவ்வளவுதான். மிச்சம் இருந்த கழுத்துத் துண்டுகளை நானும் காக்காவும் பங்குபோட்டோம்.

பிறகு அவர்கள் திட்டியின் மறுமுனையில், தண்ணீர் இன்னும் கிடந்த பக்கம் குளிக்க இறங்கினார்கள். போர்வையும் வந்திருந்தது. ஒரு முனை நான். மறு முனை காக்கா. வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். இந்தத் தடவை எதிரில் தென்னை மரம்கூட இல்லை. சேற்றில் குந்தியிருந்த தோணியையும் கழுவாத பெரிய சட்டியையும் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டியும் என்னைப் பார்த்தது.

போர்வைக்குப் பின்னால் சிரிப்பும் தண்ணீர்ச் சத்தமும் நெடுநேரம் கேட்டன. யாரும் அவசரப்படவில்லை. எல்லாருக்கும் முந்திக் குளித்து முடித்த மாமி கரையேறி, எனக்குப் பின்னால், போர்வைக்கு மிகக் கிட்ட வந்து உட்கார்ந்தது தெரிந்தது. காலைத் தண்ணீரில் அலம்பும் சத்தம் கேட்டது. நபீஸா தூரத்தில் பிள்ளைகளோடு நீருக்குள் நின்றாள். திட்டியில் சுவர் இல்லை. பூனையும் இல்லை.

"மருமகன்."

என் கையிலிருந்து போர்வை நழுவப் பார்த்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண் கலங்கியது. என்ன ஏச்சு வந்தாலும் தலை குனிந்து வாங்கிக்கொள்வது என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு, "மாமி?" என்றேன்.

"வாற வருசமும் உங்களுக்குக் காய்ச்சல்தானே?"